உளியும் எண்ணும்: வீட்டுத் திண்ணையில் ஒரு வெட்டுப்பொறி

மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், ஊரை நெருங்கு முன்னரே நம் காதில் விழுவது உளியோசை. பேருந்தின் இரைச்சலையும் மீறி எழும் அவ்வோசை தலைமுறை தலைமுறையாக அவ்வூரின் அடையாளம். இப்பொழுது அதனுடன் வேறு இரண்டு ஓசைகளும் கலந்துள்ளன. ஒன்று, கல்லை அறுக்கும் கிரைண்டரின் கூச்சல். மற்றொன்று சில பெரிய பட்டறைகளில் மட்டுமே கேட்பது. தண்ணீரைப் பீய்ச்சியபடி, ஆள் தொடாமலே கல்லின்மீது இங்குமங்கும் ஓடிச் செதுக்கும் கணிப்பொறி இயந்திரத்தின் முனகல். மக்கள் அதனைச் ‘சி.என்.சி. மிஷின்’ என்றே வழங்குகின்றனர்.

1957-ஆம் ஆண்டில் அரசினர் சிற்பப் பயிற்சிக்கூடம் தொடங்கப்பெற்று, பின்னர் கல்லூரியாக வளர்ந்த ஊர் அது. 1984-இல் அங்குள்ள பல்லவர் காலச் சின்னங்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் செல்வங்களின் வரிசையில் இடம்பெற்றன. 2015-இல் உலகக் கைவினை மன்றம் அவ்வூரைக் கற்சிற்பத்திற்குரிய உலகக் கைவினை நகரமென அறிவித்தது. 2017-இல் மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. இத்தனை பெருமைகளும் வந்து சேர்ந்த அதே காலத்தில்தான் இந்த இயந்திரமும் வந்து சேர்ந்தது. ஆகவே, “நம்ம பிள்ளைகளுக்கு இனி வேலை இருக்குமா சாமி?” என்று கல்தச்சர் குடும்பத்தார் நம்மிடம் கேட்பதில் வியப்பில்லை.

இதற்கு நேர் எதிர்த்திசையில் இன்னொன்றும் நடந்து வருகிறது. செங்கற்பட்டு, மறைமலைநகர், கூடுவாஞ்சேரிப் பகுதிகளில் வாழும் சில இளைஞர்கள், இதே வகை இயந்திரத்தைச் சிறிய அளவில், குறைந்த செலவில், தம் வீட்டிலேயே செய்து பார்க்கின்றனர். நம் பங்கிலும் அத்தகைய ஓர் இளைஞர் உளர். அவர் செய்ததை அருகிருந்து பார்த்ததன் பயனாக, அது யாது, எவ்வாறு செய்வது, எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பவற்றை வாசகக் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம். தாய்மார்கள் ‘இது பொறியியல்’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்க்கு இது கடினமன்று.

புள்ளிக் கோலத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் இடமுண்டு. இடப்புறமிருந்து எத்தனையாவது, கீழிருந்து எத்தனையாவது என்று சொல்லிவிட்டால், கோலத்தைப் பார்த்திராத ஒருவரும் அந்தப் புள்ளியைச் சரியாகத் தொட்டுவிடுவார். இவ்வியந்திரம் செய்வதும் அதுவே. இடம்-வலமாக நகரும் வழிக்கு எக்ஸ் என்றும், முன்-பின்னாக நகரும் வழிக்கு ஒய் என்றும், மேல்-கீழாக நகரும் வழிக்கு இசட் என்றும் பெயர். கோலமாவுக்குப் பதிலாகச் சுழலும் வெட்டுமுனை ஒன்று இருக்கிறது. ‘ஜி1 எக்ஸ்50 ஒய்20 எஃப்300’ என்று ஒரு வரி எழுதினால், தொடக்க மூலையிலிருந்து வலப்புறம் 50 மில்லிமீட்டரும் பின்புறம் 20 மில்லிமீட்டரும் தள்ளியுள்ள புள்ளிக்கு, நிமிடத்திற்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில், வெட்டிக்கொண்டே நேர்கோட்டில் செல் என்று பொருள். ஒரு பெயர்ப்பலகை இத்தகைய சில ஆயிரம் வரிகளால் ஆயது. அவ்வரிகளை நாம் எழுத வேண்டியதில்லை. படத்தை வரைந்து கொடுத்தால் கணிப்பொறியே எழுதிக்கொள்ளும்.

கட்டங்கட்டிச் செதுக்கும் இம்முறை மாமல்லபுரத்திற்குப் புதிதுமன்று. ஏழாம் நூற்றாண்டில் தொடங்கி இடையில் நின்றுபோன வேலைகள் பல அங்கே உள்ளன. வலையன்குட்டை, பிடாரி ரதங்களைப் பார்த்தோர் அறிவர். முற்றுப்பெறாத குடைவரைகளின் பாறை முகத்தை உற்று நோக்கினால், சிற்பிகள் அதனைச் சிறுசிறு சதுரங்களாக வகுத்து, சதுரங்களின் ஓரங்களில் ஆழமாகப் பள்ளம் பறித்து, நடுவில் எஞ்சிய மேட்டைத் தட்டி எடுத்து, மீண்டும் வகுத்து, மீண்டும் பறித்துச் சென்ற தடம் தெரியும். முதலில் முரட்டு வெட்டு, அதன்பின் நுண்வெட்டு. இன்றைய இயந்திரமும் முதலில் தடித்த முனையால் ஒரு சுற்றும், பின்னர் மெல்லிய முனையால் ஒரு சுற்றும் ஓடுகிறது. முற்றுப்பெற்ற சிற்பங்களை மட்டும் படமெடுத்துத் திரும்பும் சுற்றுலாப் பயணியர், பாதியில் நின்ற பாறைகளையும் சற்று நின்று பார்க்கலாகாதா என நாம் பலமுறை எண்ணியதுண்டு.

எண்ணைக் கொண்டு இயந்திரத்தை ஏவும் எண்ணம் நெசவிலிருந்து வந்தது. 1804-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலைப்பாடு நெய்யும் கருவியை அமைத்தார். நம் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகளின் தலைமேல் தொங்கும் அட்டைக் கோவையும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. துளை இருந்தால் இழை எழும்; இல்லையேல் எழாது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, ஹெலிகாப்டரின் சுழலிறகுகளைத் துல்லியமாக வெட்ட வழி தேடிய அமெரிக்கர் ஜான் பார்சன்ஸ், புள்ளிகளின் அளவை எண்களாகக் கணக்கிட்டு இயந்திரத்திற்கு ஊட்டலாம் எனக் கண்டார். மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தார் அதனை வளர்த்து, துளையிட்ட காகித நாடாவினால் மூன்று திசையிலும் நகரும் வெட்டு இயந்திரத்தை 1952-இல் இயக்கிக் காட்டினர். அன்று அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, வெற்றிடக் குழல்கள் நிறைந்து, இயந்திரத்தையே விஞ்சி நின்றது. இன்று அவ்வேலையை உள்ளங்கையில் அடங்கும் பலகை ஒன்று செய்துவிடுகிறது.

அப்பலகையின் பெயர் ஆர்டுயினோ. இத்தாலியின் இவ்ரேயா என்னும் ஊரில் 2005-இல், மாணவர்கள் மலிவாக வாங்கிப் பழகுவதற்கென்றே உருவாக்கப்பட்டது. அதன் வரைபடத்தை யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டதால், பல நாடுகளில் அதே அமைப்பில் செய்து குறைந்த விலைக்கு விற்கின்றனர். 2009-இல் நார்வே நாட்டவரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் என்பார், அப்பலகையில் ஏற்றி வெட்டுப்பொறிகளை இயக்கும் ‘ஜிஆர்பிஎல்’ என்னும் நிரலை எழுதி, அதனையும் காசு கேளாமல் உலகிற்கு வழங்கினார். வீட்டில் செய்யும் வெட்டுப்பொறிகளில் மிகப் பலவற்றின் உள்ளே ஓடுவது இதுவே. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் இதில் இறங்க முடிவதற்கு, முகமறியாத இவர்கள் விலை வைக்காமல் விட்டதே முதற்காரணம்.

நம் பங்கு இளைஞர் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவில் படித்தவர். மறைமலைநகரில் உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. அங்கும் கணிப்பொறி இயந்திரமே. “பட்டனை அழுத்துறேன், துண்டை மாட்டுறேன், கழற்றுறேன். உள்ளே என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது ஃபாதர். நாளைக்கு வேண்டாம்னு சொல்லிட்டா, பட்டன் அழுத்தினதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?” என்று நம்மிடம் ஒருநாள் சொன்னார். இயந்திரம் செய்யத் துணிந்ததன் காரணம் இவ்வளவே. இவர் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்தச்சர். இப்பொழுது இருமல். கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய். வந்தது போகாது, மேலும் தூசியில் நில்லாதிருந்தால் முற்றாமலிருக்கலாம் என்பதே மருத்துவர் சொன்னது. உளியைவிடக் கிரைண்டர்தான் நுண்ணிய தூசியைக் கிளப்புகிறது என்பதை அத்தொழிலாளர் குடும்பங்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும். கல்லை நனைத்து அறுப்பதும் தகுந்த முகமூடி அணிவதும் செலவன்று. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது முகமூடியாகாது.

தாயார்தாம் முதலில் நம்மிடம் முறையிட வந்தவர். “சாமி, தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்க்கச் சொன்னா, இவன் சம்பளத்தையெல்லாம் கொண்டுபோய் ரிச்சி தெருவிலே கொட்டுறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.” நாம் இளைஞரை அழைத்துக் கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னோம். கொண்டுவந்தார். ஒவ்வொரு ரூபாயும் எழுதப்பட்டிருந்தது. அந்நோட்டையே இங்கு விரித்துக் கூறுவோம். விலை கடைக்குக் கடை மாறும். எனினும் எதற்கு எவ்வளவு என்னும் விகிதம் விளங்கும்.

மூன்று திசைக்கும் மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள், 2,250 ரூபாய். ஆர்டுயினோ பலகை, அதன்மேல் பொருத்தும் அட்டை, மோட்டாரை இயக்கும் சிறு டிரைவர் சில்லுகள் கையிருப்புடன் நான்கு, ஆக 1,150. மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி 900. திருகுத்தண்டுகள், அவற்றின் நட்டுகள், மோட்டாருடன் இணைக்கும் கப்ளிங்குகள் 2,600. வழுக்கிச் செல்லும் எஃகுக் கம்பிகளும் பேரிங்குகளும் 3,400. சட்டத்திற்கு அலுமினியப் புரொஃபைல், மூலை இணைப்புகள் 4,300. வெட்டுமுனையைச் சுழற்றும் மோட்டாரும் அதன் பிடியும் 1,900. முனைகள், கம்பிகள், எல்லை சுவிட்சுகள், அவசர நிறுத்தப் பொத்தான் 1,700. மொத்தம் 18,200 ரூபாய். எட்டு மாதச் சம்பளத்தில் சிறிது சிறிதாக வாங்கியது. கணிப்பொறி வீட்டில் கிடந்த பழையது.

உண்மையை மறைப்பானேன்? இதே அளவுள்ள சிறிய இயந்திரம் ஒன்றை, பூட்டிக்கொள்ளும் பாகங்களாகப் பெட்டியில் அடைத்து, ஏறத்தாழ இதே விலைக்கு வணிகர் விற்கின்றனர். 300 மில்லிமீட்டர் நீளமும் 180 மில்லிமீட்டர் அகலமும் உடையதாதலின் அதற்கு ‘3018’ என்றே பெயர். பொருள் மட்டுமே வேண்டுவோர் அதனை வாங்கிக்கொள்ளலாம். தாமே செய்வதில் மிச்சமாவது பணமன்று. எந்தத் திருகு எதற்கு என்று அறிந்தவர்க்கு, இயந்திரம் நின்றுபோனால் ஆள் தேட வேண்டியதில்லை, அதுதான் ஆதாயம்.

இனி, இயங்கும் விதம். ஸ்டெப்பர் மோட்டார் மின்விசிறிபோல் ஒரே ஓட்டமாகச் சுழல்வதன்று. படிப்படியாக அடியெடுத்து வைப்பது. ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடி. டிரைவர் சில்லு ஒவ்வோர் அடியையும் பதினாறாகப் பகுக்குமாறு அமைத்தால், சுற்றுக்கு 3,200 நுண்ணடிகள். மோட்டாருடன் இணைந்த திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு நட்டை 8 மில்லிமீட்டர் நகர்த்துகிறது. ஆகவே 3,200-ஐ 8-ஆல் வகுக்க, ஒரு மில்லிமீட்டருக்கு 400 நுண்ணடிகள். இந்த 400 என்னும் எண்ணைத்தான் ஜிஆர்பிஎல் நிரலுக்கு முதலில் சொல்லிவைக்க வேண்டும். கணக்கின்படி ஒரு நுண்ணடி மில்லிமீட்டரில் நானூற்றில் ஒரு பங்கு. வீட்டில் செய்த இயந்திரம் அவ்வளவு நுணுக்கமாக வெட்டுமா என்றால், வெட்டாது. சட்டம் வளையும், நட்டு ஆடும், முனை அதிரும். மில்லிமீட்டரில் பத்தில் ஓரிரு பங்குக்குள் வந்தாலே நன்று.

எனவே உழைப்பு முழுவதும் சட்டத்தில்தான் இருக்கிறது. மின்பகுதியை ஒரே ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இணைத்துவிட்டார். சட்டத்திற்கு இரண்டு மாதம் பிடித்தது. மூலைகள் செங்கோணமாக உள்ளனவா என்று மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது மட்டும் போதாது. எதிரெதிர் மூலைகளை இணைக்கும் இரு குறுக்களவுகளும் ஒன்றாக வர வேண்டும். இரு கம்பிகளும் முற்றிலும் இணையாக நில்லாவிடில் வண்டி நடுவில் எளிதாக ஓடி ஓரத்தில் இறுகும். மோட்டார் அடி தவறும். தவறியதை அது உணராது. நூறு அடி வைத்தேன் என்றே அது நம்பிக்கொண்டிருக்கும், வேலைத்துண்டோ பாழாகியிருக்கும்.

நம் கடற்கரைக்கென்று இரண்டு இடையூறுகள் உண்டு. வேற்றூரார் எழுதும் செய்முறைகளில் இவை காணப்படுவதில்லை. முதலாவது, உப்புக்காற்று. எஃகுக் கம்பியைத் துடைக்காமல் ஒரு மாதம் விட்டால் துரு புள்ளி புள்ளியாகப் பிடிக்கும்; பேரிங் கரகரக்கும். வேலை முடிந்தவுடன் கம்பிகளைத் துடைத்து மெல்லிய எண்ணெய் தடவி, துணியால் மூடிவைக்க வேண்டும். அலுமினியச் சட்டத்திற்குச் செலவு கூடுதலாயினும் அதைத் தேர்ந்தது இதனாலேயே. மலிவென்று எம்.டி.எஃப். பலகையில் சட்டம் செய்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் அது ஊதிக் கோணும். இரண்டாவது, மின்வெட்டு. மின்சாரம் போன நொடியே இயந்திரம் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். ஒவ்வொரு திசையின் எல்லையிலும் ஒரு சுவிட்சு வைத்து, மின்சாரம் திரும்பியதும் ‘வீட்டு மூலைக்குச் சென்று தொட்டு வா’ என்று ஏவினால், அங்கிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கும். துண்டையும் அசைக்காமல் வைத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சில நூறு ரூபாய் மிச்சமென்று எல்லைச் சுவிட்சுகளை விட்டுவிடுவோர் பின்னர் வருந்துவர்.

முதல் ஓட்டத்தில் வெட்டுமுனையை மாட்டலாகாது. ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கட்டி, காகிதத்தில் ஒரு வட்டமும் சதுரமும் வரையச் சொல்ல வேண்டும். வட்டம் முட்டையாக வந்தால் ஒரு திசையில் எண் தவறு, அல்லது ஏதோ தளர்ந்துள்ளது. 100 மில்லிமீட்டர் கோடு கேட்டு 99 வந்தால், உடனே 400 என்னும் எண்ணை மாற்றிச் சரிக்கட்டத் தோன்றும். திருகுத்தண்டு அவ்வளவு பிழையாகச் செய்யப்படுவதில்லை. முதலில் கப்ளிங்கின் திருகுகளைப் பார்க்க வேண்டும். இவ்விளைஞரின் இயந்திரம் முதலில் வரைந்தது அவர் தங்கை கேட்ட ஐந்து புள்ளிக் கோலம். அதன்பின் வீட்டில் எதிர்ப்புச் சற்றே தணிந்தது என்பது நாம் கேள்வியுற்ற செய்தி.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குச் சில எச்சரிக்கைகள் கட்டாயம். இயங்கும் இயந்திரத்தைத் தனியே விட்டு அப்பால் செல்லலாகாது. முனை உரசித் தீப்பற்றுவதுண்டு. கண்ணாடி அணியாமல் கிட்டே குனியலாகாது. மின்சாரம் ஓடும்போது மோட்டார்க் கம்பியைப் பிடுங்கினால் டிரைவர் சில்லு அக்கணமே கருகும். எம்.டி.எஃப். தூசி கல்தூசியைப் போன்றே நெஞ்சுக்கு ஆகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, வெட்டுமுனைக்குப் பதில் லேசர் விளக்கை மாட்டி எரித்து எழுதலாம் என்று கடைக்காரர் ஆசை காட்டுவர். அதன் ஒளி நொடிப்பொழுதில் கண்ணைக் குருடாக்க வல்லது. பளபளக்கும் பொருளில் பட்டுத் திரும்பும் கதிரும் அத்தகையதே. பி.வி.சி. மீது அதனைச் செலுத்தினால் நச்சுப்புகை எழும். சிறுவர் நடமாடும் திண்ணையில் அதற்கு இடமே கூடாது என்பது நம் உறுதியான கருத்து.

இத்தகைய இயந்திரத்தால் கருங்கல்லைச் செதுக்க இயலுமா? இயலாது. கல்லுக்கு வைரம் பதித்த முனையும், தண்ணீர்ப் பாய்ச்சலும், அசையாத கனத்த இரும்புச் சட்டமும் வேண்டும். பல இலட்சம் பிடிக்கும். திண்ணை இயந்திரம் மென்மரம், பிளைவுட், அக்ரிலிக் ஆகியவற்றை வெட்டும். தேக்கை அரை மில்லிமீட்டராகப் பொறுமையுடன் சீவும். அக்ரிலிக்கிற்கும் பக்குவம் உண்டு. முனை மிக வேகமாகச் சுழன்றால் வெட்டுவதற்குப் பதில் உருக்கிவிடும்.

தந்தையார் இயந்திரத்தைச் சில நாள் வாசற்படியில் அமர்ந்தபடியே பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் ஒரு மாலை, “கல்லை விடு. எழுத்தை வெட்டுமா?” என்று கேட்டார். கல்லறைத் திருநாளுக்கு முன் செங்கற்பட்டிலும் சுற்றூர்களிலும் கல்லறைக் கற்களில் பெயர் பொறிக்கும் வேலை அவருக்கு வரும். மெருகேற்றிய கருங்கல்லில் எழுத்தைக் காவியால் வரைய அரைநாள் ஆகும். இப்போது இருமலில் கை நடுங்குகிறது. உளி நடுங்கவில்லை, தூரிகைதான் நடுங்குகிறது என்றார். மகன் இரண்டு மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் எழுத்துகளைத் துளையாக வெட்டிக் கொடுத்தார். கல்லின்மேல் அதை வைத்துக் காவியைத் தடவினால் எழுத்து பதிந்துவிடும். அதன்மேல் உளி.

முதல் தகட்டிலேயே சிக்கல் எழுந்தது. ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்துகளில் சுழிக்குள் அடைபட்ட பகுதி, தகட்டை வெட்டியதும் கழன்று விழுந்துவிட்டது. ஒவ்வொரு சுழிக்கும் ஒரு சிறு பாலம் விட வேண்டியதாயிற்று. காவி தடவியபின் பாலம் விட்ட இடத்தைத் தந்தையார் கையால் இணைத்துக்கொண்டார். வட்டமான முனை உள்மூலைகளைக் கூராக வெட்டாது. ‘ட’வின் மூலை மழுங்கி வரும். அதையும் அவரே உளியால் தீர்த்தார். எழுத்து எப்படியிருக்க வேண்டும் என்று மகனுக்கு அவர் படம் வரைந்து காட்டினார். கணிப்பொறியில் கிடைக்கும் எழுத்துருக்கள் கல்லுக்கு ஏற்றவையல்ல, கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் நின்றால் உளி பிடிக்காது என்பது அவர் கண்டிப்பு. உளியைக் கையில் எடுக்க மறுத்த மகன், அந்த ஐப்பசியில்தான் தந்தையிடம் எழுத்தைக் கற்றுக்கொண்டான்.

இன்னொரு நல்ல வழக்கத்தையும் அவர்கள் வைத்துள்ளனர். வெட்டுமுன் பெயரைக் காகிதத்தில் அச்சிட்டு, குடும்பத்தாரிடம் படிக்கக் கொடுத்து, கையெழுத்து வாங்குகின்றனர். சவரியம்மாளா, சவேரியம்மாளா என்று கல்லறையில் நின்று வாதிடுவதைவிட இது மேல். பங்குப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள் என்று நம்மிடம் அனுப்புவோரும் உண்டு.

பெரிய பட்டறைகளின் கல் இயந்திரத்தைப் பற்றியும் நம் கருத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரே உருவத்தை நூறு படி எடுக்க அது வல்லது. தூண்களும் சன்னல் வேலைப்பாடும் விரைவாக முடிகின்றன. முகத்தின் இறுதி வேலையும் கண் திறப்பதும் இன்றளவும் கையில்தான் உள்ளன என்று கூறித் தேறுதல் சொல்வோர் உளர். அத்தேறுதலில் நமக்கு முழு நிறைவில்லை. காரணம் இது: இயந்திரம் பறிப்பது மூத்த சிற்பியின் வேலையை அன்று, பயிலும் பையனின் வேலையை. முரட்டு வெட்டைப் பல ஆண்டு வெட்டித்தான் அவன் கல்லின் நரம்பை அறிகிறான். எந்தத் தட்டில் ஓசை மாறினால் உள்ளே வெடிப்பு என்று காது பழகுகிறது. அவ்வேலை முழுவதும் இயந்திரத்திற்குப் போய்விட்டால், இன்றைய மூத்தவருக்குப்பின் கண் திறக்கும் கை எங்கிருந்து வரும்? மறுபுறம், அதே முரட்டு வெட்டில்தான் தூசி மிகுதி. அப்பையனின் நெஞ்சும் அங்கேதான் கெடுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணாமல் இயந்திரத்தைப் போற்றுவதும் தூற்றுவதும் எளிது.

மகாராட்டிரத்தின் பாபல் என்னும் சிற்றூரை இங்கு நினைவுகூரலாம். டாக்டர் கல்பாக் என்பவர் 1983-இல் அங்கு ‘விஞ்ஞான ஆசிரமம்’ என்னும் பள்ளியை நிறுவி, பள்ளியிலிருந்து இடைநின்ற கிராமப் பிள்ளைகளுக்குக் கைவேலை வழியாகக் கல்வி புகட்டினார். 2002-இல் மாசசூசெட்சு கழகத்தாரின் துணையுடன், கணிப்பொறி வெட்டுப்பொறிகள் கொண்ட ‘ஃபேப் லேப்’ என்னும் கூடம் அங்கு அமைந்தது. பெருநகரங்களுக்கு முன்னரே அவ்வாய்ப்பு ஒரு சிற்றூருக்குக் கிட்டியது. ஐந்தாறு குடும்பங்களுக்கு ஓர் இயந்திரம் போதும் என்பதே நம் எண்ணமும். வீட்டுக்கு வீடு வாங்குவதோ, ‘மாதம் இவ்வளவு சம்பாதிக்கலாம்’ என்னும் விளம்பரத்தை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கி இதில் இறங்குவதோ வேண்டா. இவ்விளைஞர் ஆலை வேலையை விடவில்லை. விடச் சொல்லி நாமும் கூறவில்லை.

தாயார் இப்போது தனியே ஒரு நோட்டு வைத்துள்ளார். இடப்பக்கத்தில் 18,200 என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறது. வலப்பக்கத்தில் வரவு: சென்ற கல்லறைத் திருநாளுக்குப் பதினொரு எழுத்துத் தகடுகள், ஒன்று 250 வீதம் 2,750, வீட்டுப் பெயர்ப்பலகைகள் ஆறு, பங்குப் பள்ளியின் வகுப்பறை எண்கள். முதல் இன்னும் பாதிகூடத் திரும்பவில்லை என்பதை நாம் எதிர்ப்படும்போதெல்லாம் அவர் நினைவூட்டத் தவறுவதில்லை. தங்கையின் திருமணச் சீட்டுக்கு மாதத் தவணை முறையாகக் கட்டப்பட்டு வருகிறது. அது அவர் விதித்த நிபந்தனை.

இவ்வாண்டு ஏழு கற்கள் ஏற்கெனவே பட்டறைக்கு வந்துவிட்டன. இசட் திசையின் நட்டு தேய்ந்து, மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு ஆட்டம் கொடுக்கிறது. புதிய பித்தளை நட்டுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார் மகன். அது வந்து சேரும்வரை காத்திராமல், முதற்கல்லுக்குத் தந்தையார் காவியைக் கரைத்துவிட்டார்.